தர ஏலா

“தர ஏலா” என்று சொல்வதில் அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டோம். ஒரு பொருளைக் கொடுக்க மனமில்லையென்றால் “பாப்பம்” என்போம், “நாளைக்கு வாருங்கோவன்” என்போம், அதுவும் சரிவராவிட்டால் அந்தப் பொருளே வீட்டில் இல்லையென்று ஒரு பொய் சொல்வோம். அவள் முகத்தை நேரே பார்த்து, சிரிப்பு மாறாமல், “அது தர ஏலா ரீச்சர்” என்பாள். பிறகு கடலேரியில் பிடித்துக்கொண்டு வந்த நண்டை முற்றத்தில் வைத்துவிட்டு, “இது தரலாம், எடுங்க” என்பாள்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தைந்து கடைசியில் மூதூருக்கு அப்பால், காடும் கடலும் ஒட்டிக் கிடக்கிற ஒரு ஊரிலிருந்து ஏழு குடும்பங்கள் கோப்பாய்க்கு வந்து சேர்ந்தன. வீடுகள் எரிந்துபோய், காட்டுக்குள் ஒளித்திருந்து, வள்ளத்திலும் நடையிலுமாக வந்தவர்கள். வேடர் ஆக்கள். தமிழ்தான் கதைத்தார்கள், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் முதலில் தங்கியிருந்தார்கள். தவணை தொடங்கப் போகிறதென்றதும் அவர்களை எங்கே விடுவது என்று பிரச்சினை வந்தது. ஊர் அதிகாரி, விதானையார் என்னிடம் வந்தார். எனக்குச் சீதனமாய்க் கிடைத்த பனங்காணி என் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. என் புருசன் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் என்னைப் பெற்ற ஐயாவும் ஆறு வயது மகளும் மட்டும். ஐயாவைக் கேட்காமலே நான் ஓம் என்றேன். அப்படிச் சொன்னபோது என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்தான் இருந்தது.

அவள் அந்த ஏழு குடும்பத்தில் பிள்ளைகளோடு வந்தவள், என்னிலும் இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கட்டையான உடம்பு, கெட்டியான மணிக்கட்டு, வேகமான நடை. கதிரை போட்டால் இருக்கமாட்டாள், குந்தியிருப்பாள். எங்கள் படலை திறந்தே கிடந்தாலும் வெளியே நின்று “வரலாமா?” என்று கேட்பாள். கேட்டு, பதில் வந்த பிறகுதான் காலை உள்ளே வைப்பாள். மரியாதை தெரிந்தவள் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் பின்வேலியில் ஆள் புகுகிற இடைவெளி, அந்தப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அவர்களுடைய குடில்களுக்கிடையில் போனேன். மகளைத் தேடிப் போனது. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் எழும்பி நின்றாள்.

“ரீச்சர், கூப்பிட்டுட்டு வாங்க” என்றாள்.

“என்ரை காணிதானே” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. திரும்பிப் பொட்டுக்கு வெளியே போய் நின்று, “வரலாமோ?” என்றேன்.

“வாங்க வாங்க” என்று அவள் உண்மையான சந்தோசத்தோடு சொன்னாள். எனக்கு அன்று முழுக்க வயிறு எரிந்தது.

கிணற்று விஷயத்தையும் சொல்லவேண்டும். அவர்கள் வந்த அன்றே ஐயா ஒரு ஒழுங்கு சொன்னார். கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது. குடத்தைக் கீழே வைத்தால் நாங்கள் அள்ளி ஊற்றுவோம். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை. நான் பிறந்த நாள் தொடக்கம் அந்தக் கிணற்றில் குளித்தவள். யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதைப் பற்றி ஐயாவிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அன்றும் வாயைத் திறக்கவில்லை.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஊத்தித் தாற தண்ணி எங்களுக்கு வேணாம் ஐயா. நாங்களே அள்ளிக் குடிக்கிற தண்ணி எங்க இருக்குதெண்டு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

அரை மைல் தள்ளி றோட்டோரத்தில் ஒரு பொதுக் கிணறு இருந்தது. காலையும் மாலையும் ஏழு வீட்டுப் பெண்களும் குடங்களோடு எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எங்களுக்குச் சுகமாயிருந்திருக்கும். அவர்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் போனது. ஐயா விறாந்தையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதை வாசிக்காமல் றோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“உவளுக்கு என்ன திமிர் எண்டு பார்” என்பார். பிறகு ஒரு நாள், “உவையளை இஞ்சை அள்ளச் சொல்லு பிள்ளை. சனம் என்னையெல்லே பார்க்குது” என்றார்.

நான் போய்ச் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “நான் மட்டுமா, எல்லாருமா?” என்று கேட்டாள். எல்லாரும்தான் என்றதும், “சொல்லிப் பாக்கிறன்” என்றாள். அன்று பின்னேரம் அவர்கள் இருந்து கதைத்து, அடுத்த நாள்தான் வந்து அள்ளினார்கள்.

அப்படி இருந்து கதைப்பதுதான் அவர்களின் வழக்கம். பொழுது சாயும் நேரம் வேம்புக்குக் கீழே ஏழு குடும்பமும் வட்டமாய்க் கூடும். நிவாரண மாவைப் பங்கிடுவது, வெங்காயத் தோட்டத்துக்கு ஆர் கூலிக்குப் போவது, ஒருத்தனுக்குக் காய்ச்சலென்றால் அவன் பங்கு வேலையை ஆர் செய்வது, எல்லாம் அங்கேதான். பெண்களும் கதைப்பார்கள். அவள்தான் நிறையக் கதைப்பாள் என்றில்லை, ஆனால் அவள் கதைக்கும்போது மற்றவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் எந்த முடிவுக்கும் அப்படி முப்பது பேர் குந்தியிருந்து கதைத்ததில்லை. ஜெர்மனியிலிருந்து என் புருசன் கதைத்துப் பதிந்த ஒரு கசற் வரும். அதில் அவர் முடிவைச் சொல்லியிருப்பார். நான் போட்டுக் கேட்பேன்.

நிவாரணப் பதிவுக்கு உத்தியோகத்தர் வந்த அன்று நானும் எழுத உதவிக்கு இருந்தேன். மற்றவர்கள் அவர் எழுதியதற்குத் தலையாட்டிவிட்டுப் போக, அவள் மட்டும் நின்றாள்.

“சமயம்?” என்றார் அவர்.

“அதெண்டா?”

“என்னத்தைக் கும்பிடுறியள்?”

“எங்கட முன்னாட்கள.”

“அப்ப இந்து எண்டு போடுறன்.”

“போடாதீங்க.”

“பின்னை என்னத்தைப் போட?”

“உங்களுக்குத் தெரியாததப் போடாதீங்க ஐயா. சும்மா விடுங்க.”

அவர் சலித்துப்போய் ஒரு சின்னக் கோடு இழுத்தார். அவள் அதோடு விடவில்லை. “அதில என்ன இருக்கெண்டு வாசிச்சுக் காட்டுங்க” என்றாள். “கோடு” என்றார் அவர். அவள் திருப்தியோடு அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் மற்ற ஆறு குடும்பமும் வந்து தங்கள் அட்டையிலும் கோடு இழுத்துத் தரச்சொல்லி நின்றார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி வருகிறதென்று எங்கள் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது நானும் மகளும் கைதடிப் பாலத்தைக் கடந்து போய்த் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். படிவத்தோடு ஒருவர் வந்தார். மூன்று கேள்விதான் கேட்டார். நான் புருசன் ஜெர்மனியில் என்றேன், தம்பி கனடாவில் என்றேன், நான் பயிற்றப்பட்ட ஆசிரியை என்றேன், எங்கள் வீடு ஐந்து அறை வீடு என்றேன். ஆரும் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஆரென்று அவர்தான் எழுதித் தரவேண்டும்போல. மகள் என் கையைச் சுரண்டிய பிறகுதான் நிறுத்தினேன். அன்று எனக்கு அவளுடைய ஞாபகம் வந்தது. மரியாதையோடு வரவில்லை. வீடும் இல்லாமல், ஊரும் இல்லாமல் அவளால் அப்படி நிற்க முடிந்ததே, என்னால் ஏன் முடியவில்லை என்ற எரிச்சலோடுதான் வந்தது.

ஆனால் அவள் எங்கள் காணியில் இருந்த காலத்தில், எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க என்னைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டது. வெளிநாட்டுப் புருசன். பார்சலில் சொக்கிலேற் வரும், மகளுக்குச் சட்டை வரும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த கசற் றேடியோ வந்தபோது அயலட்டை எல்லாம் பார்க்க வந்தது. அவளும் ஒரு நாள் அதைப் பார்த்தாள். விலையைக் கேட்கவில்லை.

“புருசன் அங்க ஆரோட இருக்காரு?” என்று கேட்டாள்.

“தனியத்தான்.”

“தம்பி?”

“அவன் கனடாவிலை.”

“அவரும் தனியவா?”

“ஓம்.”

“அம்மாட ஆக்கள்?”

“கொழும்பிலை கொஞ்சம். லண்டனிலை கொஞ்சம்.”

அவள் நாக்கைத் தட்டினாள். “பாவம்” என்றாள்.

என்னை அந்த ஊரில் பாவம் என்று சொன்ன ஒரே ஆள், என் காணியில் ஓலைக் குடிலில் இருந்த அகதிதான். எனக்கு முகம் சுட்டது. “தேத்தண்ணி குடிச்சுப் போட்டுப் போம்” என்று பேச்சை மாற்றினேன்.

மகள் அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டுப் பொட்டடியில் போய் நின்று “வரலாமா?” என்று கத்துவாள். அங்கேயே சாப்பிடுவாள். “என்னகா” என்று அவர்களைப் போல இழுத்துக் கதைக்கத் தொடங்கினாள். ஒரு நாள் படுக்கையில் கிடந்து, “அம்மா, நாங்கள் எந்த ஆக்கள்?” என்று கேட்டாள்.

“நாங்கள் சைவ ஆக்கள்.”

“அது கோயில். ஆக்கள் எங்கை?”

“படு” என்று விளக்கைத் தணித்தேன். அடுத்த நாள் பின்னேரம் யன்னலால் பார்த்தபோது அவள் மகளைத் தன் முழங்காலுக்கிடையில் இருத்தித் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சீப்பை எடுத்தால் வீரிட்டு அழுகிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்து, இனி அங்காலை போகக்கூடாது என்றேன். மூன்று நாள் பிள்ளை வேலியைப் பிடித்தபடி நின்றது. நாலாம் நாள் அவள் படலையில் வந்து நின்றாள்.

“பிள்ளைய ஏன் அனுப்பல?”

“காய்ச்சல்.”

அவள் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “காய்ச்சல் உங்களுக்குப் போல, ரீச்சர்” என்றாள். சிரித்தாள். நானும் சிரிக்கவேண்டி வந்தது. பிள்ளை எங்களிருவருக்கும் நடுவால் புகுந்து ஓடிவிட்டது.

அந்தப் பங்குனியில் ஐயா போனார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. தம்பியால் வர ஏலாது, தந்தி வந்தது. என் புருசனாலும் வர ஏலாது, ஒரு வாரம் கழித்துக் கசற் வந்தது. கொள்ளி வைக்கத் தூரத்து உறவில் ஒருவரைப் பிடித்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சமையல்காரர்களும் போன பிறகு வீட்டில் நானும் மகளும் இருந்தோம். அவள் ஒவ்வொரு நாளும் வந்து குசினிப் படியில் குந்தியிருந்துவிட்டுப் போவாள். ஆறுதல் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் மட்டும், “ஐயாட ஐயா பேர் என்ன?” என்று கேட்டாள். சொன்னேன். “அவர்ட ஐயா?” எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவர்களுடைய ஆட்கள் எட்டுத் தலைமுறைக்குத் தெரியும் என்று பிறகு மகள் சொன்னாள். சடங்கில் ஒவ்வொருவராய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டால் வருவார்களாம்.

வருசத்தில் ஒரு முறை அந்தச் சடங்கு. ஆனியில் வைக்கப்போவதாக வந்து சொன்னாள். “உங்கட காணி, அதால சொல்லோணும்” என்றாள். காணியை ஒரு பகல் முழுக்கத் தங்களுக்கு மட்டுமாக விடவேண்டும் என்றும் சொன்னாள்.

“நானும் வரலாமோ?” என்று கேட்டேன்.

“அது ஏலா ரீச்சர்.”

“பிள்ளை?”

“சின்னப் பிள்ளைகள் வரலாம். அதுகளுக்குத் தடை இல்ல.”

வெளிநாட்டுக் காசில் ஓடிய ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தது அந்த நாட்களில்தான். கொழும்பில் படித்து, லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். தோளில் ரேப் றெக்கோடர். யாழ்ப்பாண டவுனில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறாராம். ஆதிக்குடிகளின் சடங்கை அங்கே மேடையில் செய்து காட்டினால், மாரிக்கு முன்னம் ஏழு குடிலுக்கும் தகரம் போட்டுத் தருவாராம். ஓலைக்கூரையால் மழை எப்படி ஒழுகுமென்று எனக்குத் தெரியும். இரண்டு பின்னேரம் வேம்புக்குக் கீழே இருந்து கதைத்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் விறாந்தையில் அவரிடம் பதில் சொல்ல அவளை அனுப்பினார்கள்.

“தாலாட்டு, வேலைப் பாட்டு, வள்ளம் தள்ளுற பாட்டு, எவ்வளவு வேணுமெண்டாலும் பாடித் தாறம். தகரம் வேணாம், சும்மாவே பாடித் தாறம். சடங்கு தர ஏலா.”

அவர் பொறுமையாகத்தான் கதைத்தார். “அக்கா, இது அழிஞ்சுபோகக் கூடாது எண்டுதான் கேக்கிறன். பதிஞ்சு வைச்சால் உலகம் முழுக்கத் தெரியும்.”

“நாங்க இருக்கம்தானே தம்பி. நாங்க இருந்தா அது இருக்கும். நாங்க இல்லாட்டி அது உங்களுக்கு எதுக்கு?”

அவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். தமிழ் படிப்பிக்கிறவள் நான். தேவாரம் பிசகாமல் பாடுவேன். என்னிடம் ஒருவரும் ரேப் றெக்கோடரோடு வந்ததில்லை, என்னிடம் கேட்டு நான் தரமாட்டேன் என்று சொல்லக்கூடிய எதுவும் இருக்கவுமில்லை.

அவர் போகும்போது மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் படிச்ச ஆள் ரீச்சர். உங்களுக்குத்தான் இதின்ரை பெறுமதி விளங்கும்.”

சடங்கு அன்று காலை மகளை நான் குளிக்க வார்த்துவிட, அவள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வேலிப் பொட்டை ஓலையால் மறைத்துவிட்டார்கள். நான் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். பறைச் சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் குரல் எழும்பியது. அதில் அவளுடையதை என்னால் பிரித்தெடுக்க முடிந்தது. அது பாட்டுப் போலவும் இல்லை, ஒப்பாரி போலவும் இல்லை. தூரத்தில் வயலில் நிற்கிற ஆளைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. பேர், பேராக. ஒவ்வொரு பேருக்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்து, ஆரோ வந்துவிட்டது போல அடுத்த பேர்.

என் ஐயா செத்து நாலு மாதம் ஆகவில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

வெறும் கசற் ஒன்றும் வீட்டில் இருக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து கடைசியாக வந்ததை றேடியோவில் போட்டேன். பற்றரி இருந்தது. வேலியடியில் சாக்கால் மூடி வைத்து, சிவப்புப் பொத்தானை அமத்தினேன். என் புருசனுடைய குரலின் மேல் அவர்களுடைய குரல் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமும் இருந்தது, அதைவிட ஒரு சந்தோசமும் இருந்தது. நீ தரமாட்டாய்தானே, நான் எடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை அந்த ஆள் வந்தபோது அதைக் கையில் கொடுத்தேன். ஆரென்று சொல்லவேண்டாம் என்றேன். “சத்தியமாச் சொல்லன்” என்றார். அவர் சொல்லவுமில்லை.

கண்காட்சி நடந்தபோது ஏழு குடும்பத்தில் ஒருவர் டவுன் சந்தையில் மூட்டை தூக்கப் போயிருந்தார். மண்டபத்துக்கு வெளியே ஸ்பீக்கர் கட்டியிருந்தார்களாம். றோட்டில் போனவர் தன் பாட்டனுடைய பேரைக் கேட்டு நின்றிருக்கிறார். கடைசிவரை நின்று கேட்டிருக்கிறார். சடங்கு முடிந்த இடத்தில், நான் அழிக்காமல் விட்ட மிச்சத்தில், ஒரு ஆம்பிளைக் குரல் என் மகளின் பேரைச் சொல்லி, “அவளுக்குச் சளி சுகமோ? குளிருக்கு எண்டு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறன்” என்றதாம். அந்தச் சட்டையைத்தான் மகள் போட்டுக்கொண்டு அவர்களின் முற்றத்தில் ஓடித்திரிந்தாள்.

அன்று வேம்புக்குக் கீழே நெடுநேரம் இருந்தார்கள். நான் யன்னலைச் சாத்திவிட்டேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவள் படலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அன்றும் “வரலாமா?” என்றுதான் கேட்டாள். குசினிப் படியில் குந்தினாள். நான் எதிரே நிலத்தில் இருந்தேன். கதிரையில் இருக்க மனம் வரவில்லை.

“ரீச்சர், அது பாட்டு இல்ல” என்றாள். “அது கூப்பிடுறது. கூப்பிட்டா வருவாங்க. றோட்டில வைச்சுக் கூப்பிட்டிருக்கு. வந்து பாத்திருப்பாங்க, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல. ஏன் கூப்பிட்டதெண்டு கேப்பாங்கதானே?”

“நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன்.” அவளை அதுவரை நீ என்றும் நீர் என்றும்தான் சொல்லிவந்தேன். அன்றுதான் முதல் முறை நீங்கள் வந்தது.

“எனக்கிட்டச் சொல்லி என்ன? அவங்களுக்குச் சொல்லோணும். வாற வெள்ளி காலம சடங்கு வைக்கிறம். நீங்க வரோணும். நீங்கதான் கூப்பிட்டது.”

முன்பு ஏலாது என்ற இடத்துக்கு இப்போது கட்டாயம் வா என்றார்கள். இரண்டு நாள் நான் சொல்லவேண்டியதை எழுதிப் பாடமாக்கினேன். ஒரு சமூகத்தின் செல்வம் அழிந்துவிடக்கூடாது என்ற அக்கறையில், என்று தொடங்கியது. நல்ல தமிழ்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் போனேன். முப்பது பேரும் இருந்தார்கள். ஒருவரும் என்னை முறைக்கவில்லை, அதுவே பெரிய பாரமாயிருந்தது. சடங்கு செய்கிற பெரியவர் மெலிந்த மனிதர், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவர். அவர் கண்ணை மூடி, கூப்பிடத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் உடம்பு உதற, வேறு ஒரு குரலில் கேட்டார்.

“ஆர் கூப்பிட்டது?”

“நான்.”

“ஏன்?”

நான் வாயைத் திறந்தேன். “ஒரு சமூகத்தின்…” என்றதும் பக்கத்தில் நின்ற அவள் என் தோளைத் தொட்டாள்.

“படிச்சுக்கொண்டு வந்ததச் சொல்லாதீங்க” என்றாள். “விளங்காது அவங்களுக்கு.”

மகள் அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள்.

“பொறாமையிலை” என்றேன். “உங்களைக் கூப்பிட ஆக்கள் இருக்கினம். என்ரை ஐயா செத்துப் போனார். அவரைக் கூப்பிட எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். அந்தப் பொறாமையிலைதான் எடுத்தனான்.”

பெரியவர் தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, போறம்” என்றார். உடம்பு ஓய்ந்தது. ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“மன்னிச்சிட்டினமோ?” என்று அவளிடம் கேட்டேன்.

“கேட்டாங்க. சொன்னீங்க. போயிட்டாங்க. அவ்வளவுதான்.”

அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வெட்கமும் போயிற்று. “என்ரை ஐயாவை ஒருக்கால் கூப்பிட்டுத் தருவியளோ?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் கண்டேன். இருந்தாலும் சொன்னாள்.

“அது ஏலா ரீச்சர். அவர் எங்கட ஆள் இல்லயே.”

அதற்குப் பிறகும் அவள் மாறவில்லை. நண்டு கொண்டுவந்தாள், படலையில் நின்று கேட்டாள், மகளுக்குத் தலை இழுத்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் நான் சமாதானம் செய்திருக்கலாம். கோபிக்கவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. எனக்கு அதிலும் பொறாமை.

அடுத்த வருசம் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து பாதை திறந்தது. போகலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று எட்டுப் பின்னேரம் இருந்து கதைத்தார்கள். ஊரில் வீடு இல்லை, பயம் முழுக்க விட்டுப்போகவும் இல்லை. என்றாலும் போவதென்று முடிவானது. அந்தச் செய்தியோடு அவள் வந்தபோது என்னால் இருக்க முடியவில்லை.

“நீங்கள் மட்டும் இஞ்சை நில்லுங்கோவன்” என்றேன். “உங்கடை பிள்ளையளையும் வைச்சிருங்கோ. ஐயாவின்ரை அறை சும்மாதான் கிடக்கு. பள்ளிக்கூடத்திலை ஒரு வேலை பார்த்துத் தாறன். என்ரை மகளும்…”

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு முடிவு கிடைக்கும்போல இருந்தது. பிறகு நெற்றியைச் சுருக்கி, நான் தமிழில்லாத எதையோ சொல்லிவிட்டது போல, “நான் மட்டுமா?” என்றாள். அது மறுப்புக்கூட இல்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

லொறி ஒரு காலையில் வந்தது. பாய், பானை, இரண்டு ஆடு, பிள்ளைகள், எல்லாவற்றையும் ஏற்றி எல்லாரும் ஏறிய பிறகும் அவள் எங்கள் படலையில் நின்று மகளைத் தூக்கி வைத்திருந்தாள். மகள் அவளுடைய கழுத்தை விடவில்லை. நான்தான் விரலை ஒவ்வொன்றாய்க் கழற்றி வாங்கினேன். அவள் என் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வேகமான நடையில் போனாள்.

லொறிக்குள் கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் இன்னும் பாதித் தூரம் போகவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. இரண்டு பெண்கள் முழங்காலை மடக்கி, ஒரு கிழவன் தன் மூட்டையை மடியில் தூக்கி வைத்து, நடுவில் ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. அவள் அது ஆருடைய கையென்றும் பார்க்கவில்லை. பிடித்து ஏறி அந்த இடத்தில் இருந்தாள்.

லொறி ஒழுங்கையால் திரும்பும்வரை நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைப் பார்க்கவில்லை.